மருந்து சவ்வைத் தொட வேண்டும்

காதுக்கு விடும் மருந்துப் போத்தலில் பெரும்பாலும் 5 மில்லிலீற்றர்தான் இருக்கும். ஒரு துளி சுமார் 0.05 மில்லிலீற்றர் என்று வைத்தால் போத்தலுக்கு ஏறத்தாழ 100 துளி. அந்த நூறில் எத்தனை துளி செவிப்பறையை, அதாவது காதுச் சவ்வை, போய்த் தொடுகிறது என்பதில்தான் நாட்பட்டு வடியும் காது காய்வதும், மாதக்கணக்கில் இழுபடுவதும் இருக்கிறது.

"விட்டனான் மிஸ், போத்தலும் முடிஞ்சுது. சிதள் நிக்கேல்லை." கிளிநொச்சியென்றாலும் மல்லாவியென்றாலும் புதுக்குடியிருப்பென்றாலும் காது கிளினிக்கில் கேட்கக்கூடிய பேச்சு இது. எப்படி விட்டீர்கள் என்று விசாரித்தால், கதிரையில் இருந்தபடி தலையைச் சரித்து, இரண்டு துளி விட்டு, உடனே பஞ்சை அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனது தெரியவரும். மருந்தில் குறையில்லை. அது சீழின் மேல் விழுந்து, பஞ்சில் ஊறி, வெளியே வந்துவிட்டது. மருந்து கேட்கவில்லை என்று அடுத்த மருந்துக்கு மாறுவதற்கு முன்னர், முதல் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போனதா என்று பார்க்க வேண்டும்.

அந்த இடம் எப்படிப்பட்டது?

பெரியவரின் காதுக் குழாய் சுமார் 2.5 சென்ரிமீற்றர் நீளம். நேரான குழாயல்ல, நடுவில் சற்று வளைந்திருக்கும். அதன் முடிவில் சரிவாக இழுத்துக் கட்டியதுபோல் இருப்பதுதான் செவிப்பறை. காதுச் சவ்வு என்பதும் அதைத்தான். அகலம் 8 முதல் 10 மில்லிமீற்றர், ஏறத்தாழச் சுண்டுவிரல் நகத்தளவு. தடிப்பு சுமார் 0.1 மில்லிமீற்றர், கொப்பித் தாள் ஒன்றின் தடிப்பு. இந்த மெல்லிய தாளுக்குள் மூன்று படைகள் இருக்கின்றன: வெளியே தோல், நடுவே நார், உள்ளே சளிப்படலம்.

வெளியே உள்ள தோலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது சவ்வின் நடுவிலிருந்து ஓரத்துக்கும், அங்கிருந்து குழாய் வழியாக வாசலுக்கும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். காதுக் குறும்பியும் தூசும் அந்த நகர்வில் தானாக வெளியே வந்துவிடும். காதுக்குள் ஈர்க்கு, சட்டைப்பின், பட்ஸ் எதையும் விடாதீர்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான். துப்புரவு உள்ளே ஏற்கெனவே நடக்கிறது, நாம் விடும் குச்சி வெளியே வந்துகொண்டிருப்பதைத் திருப்பி உள்ளே தள்ளுகிறது.

செவிப்பறை அழற்சி, அதாவது சவ்வு சிவந்து புண்ணாவது, நாட்படும்போது அந்தத் தோல் சில இடங்களில் அழிந்துபோகும். அழிந்த இடத்தில் சிவந்த, ஈரமான, மணிமணியான சதை முளைக்கும். அதிலிருந்து நீர் கசியும். கசிவில் கிருமி பெருகும், கிருமி சதையைக் கிளறும், சதை இன்னும் கசியும். வயலில் நிற்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணை நினைத்தால் விளங்கும். ஈரம் இருக்கும்வரை அது ஆறாது. சேறு படிந்த புண்ணின் மேல் யாரும் களிம்பு பூசுவதில்லை; கழுவி, ஒற்றி, காயவிட்டுத்தான் பூசுவோம். காதிலும் அதே ஒழுங்குதான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் அந்த ஒழுங்கை மறந்துவிடுகிறோம்.

ஓட்டை இல்லாத காதும் ஓட்டையுள்ள காதும்

நாட்பட்டு வடியும் காதுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் சவ்வு முழுசாக இருக்கும், அதன் வெளித்தோல் மட்டும் புண்ணாகியிருக்கும். நோவு பெரிதாக இராது. மெல்லிய கசிவு, கெட்ட மணம், கடி (அரிப்பு), காது அடைத்ததுபோன்ற உணர்வு, கேள்வி (கேட்கும் திறன்) சற்றுக் குறைதல் ஆகியவைதான் அடையாளம். நோவு இல்லாததால் மாதக்கணக்காகக் கவனிக்காமல் விடுவார்கள். மற்றதில் சவ்வில் ஓட்டை விழுந்து, அதற்குப் பின்னால் உள்ள நடுக்காதிலிருந்தே சீழ் வரும். தடிமன் பிடிக்கும் நேரங்களில் வடிதல் கூடும். ஓட்டையுள்ள காதில் இரண்டு வாரத்துக்கு மேல் வடிதல் தொடர்ந்தால் உலக சுகாதார நிறுவனம் அதை நாட்பட்ட நடுக்காது அழற்சி என்று கணக்கிடுகிறது.

வன்னியில் ஓட்டைக்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குண்டு வெடிக்கும்போது எழும் அமுக்க அலைக்கு உடம்பில் மிக இலகுவாகக் கிழியும் உறுப்பு செவிப்பறை. அப்படிக் கிழிந்தவற்றில் கூடுதலானவை சில வாரங்களில் தானாக மூடிவிடும். பெரிதாகக் கிழிந்தவை மூடாமலே நிற்கும். 2009 வரை ஷெல்லடிக்குள் இருந்தவர்களில் ஒருவருக்கு இன்றும் ஒரு காது மந்தமாக இருந்து, இடைக்கிடை வடிந்தால், "அது அப்பவே போன காது" என்று விட்டுவிடக் கூடாது. பழைய ஓட்டையையும் பார்க்கலாம், காயவைக்கலாம், பல சமயம் மூடவும் செய்யலாம்.

எந்த வகை என்று வீட்டில் ரோச் அடித்துப் பார்த்துச் சொல்ல ஏலாது. காது பார்க்கும் கருவியால் டொக்டர் பார்க்க வேண்டும். மருந்து விட்டதும் தொண்டையில் கைப்புத் தட்டினால் சவ்வில் ஓட்டை இருக்கிறது என்று எடுக்கலாம். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது, மருந்து அந்த வழியாக இறங்குகிறது. அதைக் கண்டு பயந்து மருந்தை நிற்பாட்டாதீர்கள். ஆனால் அடுத்த முறை கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே எந்த மருந்து பொருந்தும் என்பது முடிவாகும்.

ஜென்டாமைசின், நியோமைசின், பிரமைசெற்றின் வகைத் துளிகள் ஓட்டை வழியாக உள்காதை எட்டினால் கேட்கும் நரம்புக் கலங்களையும் சமநிலையையும் பாதிக்கக்கூடியவை. காது இரைச்சல், கேள்விக் குறைவு, தலைச்சுற்று என்று வரும். போன கேள்வி திரும்பாமலும் விடலாம். ஓட்டையுள்ள காதுக்கு சிப்ரோபுளொக்சசின், ஒஃப்லொக்சசின் போன்ற வகைகளை முதலில் எடுப்பது அதனால்தான். இவை சாதாரணமாக 0.3% வலுவில் வரும். சதை முளைத்திருந்தால் அல்லது வீக்கம் கூடவென்றால் டெக்சாமெதசோன் 0.1% போன்ற ஸ்டீரொயிட் சேர்ந்த துளியை எழுதுவார்கள். சதையை வற்றவைப்பது ஸ்டீரொயிட், கிருமியைப் பார்ப்பது மற்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காதுக்குக் கேட்ட மருந்து உங்கள் பிள்ளையின் காதுக்குக் கெடுதலாக அமையலாம், போத்தலைக் கைமாற்ற வேண்டாம்.

குளிசை போதாதா?

"ஊசி போடுங்கோ, இல்லாட்டி குளிசையாவது தாங்கோ, துளியாலை என்ன வரப்போகுது" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 500 மில்லிகிராம் சிப்ரோபுளொக்சசின் குளிசை ஒன்றைப் போட்டால் இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு உச்சமாக 2 முதல் 3 மைக்ரோகிராம் வரும். 0.3% துளிமருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 3000 மைக்ரோகிராம் இருக்கிறது. புண் இருக்கும் இடத்தில் ஆயிரம் மடங்கு வலு, அதுவும் வயிற்றையும் மற்ற உறுப்புகளையும் தொடாமல். இந்த வருத்தத்தில் அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் என்ற பிடிவாதமான கிருமியைக்கூட அந்த வலு மடக்கும். காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம் என்று வருத்தம் காதைத் தாண்டினால்தான் குளிசைக்கும் ஊசிக்கும் வேலை.

ஆனால் அந்த ஆயிரம் மடங்கும் சவ்வைத் தொட்டால்தான். அதற்கு வழி விடுவது திரி.

முதலில் திரி, பிறகு துளி

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான, தோய்த்துக் காய்ந்த பருத்தித் துணியில் ஒரு துண்டு, அல்லது ஈரம் பட்டதும் கரைந்து பிய்யாத ரிசுக் கடுதாசி போதும். ஒரு மூலையிலிருந்து குத்துவிளக்குத் திரி திரிப்பதுபோல் உருட்டுங்கள். இறுக்கித் திரித்தால் ஈரம் உறிஞ்சாது, தளரத் திரித்தால் மடங்கிப் போகும். நுனி மெல்லிசாகவும் மெத்தென்றும், பிடிக்கும் பக்கம் தடிப்பாகவும் இருக்கட்டும். ஈர்க்கிலோ தீக்குச்சியிலோ பஞ்சைச் சுற்ற வேண்டாம். பஞ்சு உள்ளே கழன்று நிற்பதும், குச்சி சவ்வைக் குத்துவதும் அப்படித்தான் நடக்கிறது.

காதுமடலை இழுத்துக் குழாயை நேராக்குங்கள். பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் மேலும் பின்னுமாக. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. குழந்தையின் குழாய் வேறு திசையில் சரிந்திருப்பதால் இந்த வேறுபாடு. திரியை மெல்ல விட்டு, தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், தள்ள வேண்டாம். ஒரு நிமிடமளவில் அது சீழை உறிஞ்சி ஊறும். எடுத்து எறிந்துவிட்டுப் புதுத் திரி. இரண்டாவது மஞ்சளாக வரும், மூன்றாவது இலேசாக நனைந்து வரும், நாலாவது அல்லது ஐந்தாவது காய்ந்து வரும். காய்ந்து வரும்வரை மருந்துப் போத்தலின் மூடியைத் திறக்க வேண்டாம். கிளினிக்கில் டொக்டர் உறிஞ்சுகருவியால் துப்புரவாக்கிவிட்டால் முதல் நாள்களில் வேலை குறையும்.

அதன்பின் போத்தலை உள்ளங்கையில் இரண்டு மூன்று நிமிடம் பொத்தி வைத்திருங்கள். குளிர் மருந்து பட்டால் உள்காதின் நீர் அசைந்து தலை சுற்றும், சிலருக்குச் சத்தியும் வரும். உடம்புச் சூட்டளவு போதும். கேத்தில் சுடுநீருக்குள் போத்தலை விடுவது சவ்வையும் கெடுக்கும், மருந்தையும் கெடுக்கும்.

வருத்தக்காதை மேலே வைத்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குழந்தை என்றால் அம்மா பாயில் இருந்து, பிள்ளையின் தலையை மடியில் குறுக்கே வைத்து, இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டால் வசதி. மடலை முன்சொன்ன மாதிரி இழுத்து, துளியைக் குழாயின் நடுவில் விடாமல் சுவரோரமாக வழியவிடுங்கள். நடுவில் விழும் துளி குழாயை மூடி, கீழே காற்றை அடைத்துவிடும். மருந்து பாதியில் நிற்கும். போத்தலின் மூக்கு காதைத் தொடக் கூடாது. தொட்டால் சீழ்க்கிருமி போத்தலுக்குள் போய்விடும்.

அடுத்தது பலர் அறியாத படி. காதுத் துவாரத்துக்கு முன்னால், முகப்பக்கமாக, குருத்தெலும்பு மடிப்பு ஒன்று சின்ன மூடிபோல் நிற்கும். அதை விரலால் உள்ளே அமத்தி விடுங்கள், மெதுவாக நாலைந்து தரம். அடைபட்ட காற்று வெளியேறி மருந்து கீழே இறங்கும். சிலவேளை 'கிளுக்' என்ற சத்தம்கூடக் கேட்கும். பிறகு 5 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். எழும்பும்போது வழிவதை ஒற்றிவிடுங்கள். பஞ்சை உள்ளே திணிக்க வேண்டாம். விட்ட மருந்தை அது உறிஞ்சிவிடும். இரண்டு காதுக்கும் மருந்து என்றால் மற்றக் காதுக்கு இந்த 5 நிமிடத்துக்குப் பிறகுதான்.

எத்தனை துளி, எத்தனை நாள்?

இது மருந்துக்கு மருந்து, வயதுக்கு வயது மாறும். துண்டில் எழுதியிருப்பதே உங்கள் கணக்கு. ஓர் ஒப்பீட்டுக்குச் சொன்னால், பிள்ளைகளின் நாட்பட்ட காது வடிதலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் நாளுக்கு மூன்று முறை திரியால் காயவைத்து, மூன்று முறை துளி விட்டு, இரண்டு வாரம் தொடரச் சொல்கிறது. ஓட்டையில்லாத, சதை முளைத்த சவ்வுக்கு இரண்டு முதல் நாலு வாரம்வரை போவதுண்டு. வடிதல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் குறையும். ஆனால் வடிதல் நின்ற நாள் புண் ஆறிய நாளல்ல, தோல் இன்னும் மூடியிராது. நாலாம் நாள் நிற்பாட்டினவர்கள்தான் அடுத்த மாதம் அதே காதோடு திரும்பி வருகிறார்கள்.

நூறு துளிக் கணக்கு இங்கே வந்து நிற்கிறது. நாளுக்கு இருமுறை, முறைக்கு 4 துளி என்றால் 14 நாளைக்கு 112 துளி வேண்டும். ஒரு போத்தல் பதின்மூன்றாம் நாளே வற்றிவிடும். சிந்துவதையும் சேர்த்தால் இன்னும் முன்னரே. ஏ-9 வீதிக்கு வரவே இரண்டு பஸ் ஏற வேண்டிய ஊரில் இருப்பவர்கள் மருந்து எடுக்கும் அன்றே இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்து, "இது இரண்டு கிழமைக்குக் காணுமோ மிஸ்?" என்று கேட்டுவிடுங்கள். திறந்த போத்தல் 28 நாளைக்குத்தான். திறந்த திகதியைப் பேனையால் போத்தலிலேயே எழுதுங்கள். மிச்சத்தை அடுத்த வருத்தத்துக்கு என்று வைக்க வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே, யன்னலோரத்தில், மோட்டர் சைக்கிள் பெட்டிக்குள் வைத்த மருந்து பங்குனி சித்திரை வெயிலில் கெட்டுப்போகும். தண்ணீர்ப் பானை வைக்கும் குளிர்ந்த மூலை நல்லது. குளோரம்பெனிக்கோல் போன்ற சிலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும், லேபலைப் பாருங்கள்.

இன்னொன்று. கண்ணுக்கு என்று எழுதிய போத்தலைக் காதுக்கு விடச் சொல்லித் தந்தால் பிழை நடந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கண்துளியைக் காதுக்கு விடலாம். காதுத்துளியைக் கண்ணுக்கு ஒருபோதும் விடக் கூடாது.

தண்ணீர்

இரணைமடு வாய்க்காலில் பாயும் பிள்ளையிடம் இரண்டு வாரம் குளிக்காதே என்பது சொல்ல இலகு, செய்ய வில்லங்கம். ஆனாலும் இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. குளத்துத் தண்ணீர், அதுவும் வற்றிக் கலங்கிய காலத்துத் தண்ணீர், ஒருமுறை உள்ளே போனால் ஒரு கிழமை மருந்து வீண். தலையில் வார்க்கும்போது பஞ்சுருண்டையில் வாசிலினை வடிவாகப் பூசி காது வாசலில் வைத்து, வார்த்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெறும் பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக் கொடுக்கும். ஓட்டையுள்ளவர்கள் முங்கிக் குளிப்பதை ஓட்டை மூடும்வரை விட வேண்டும்.

உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால், கோழியிறகு எல்லாம் அம்மம்மாக்கள் அன்போடு செய்தவை. நல்ல காதில் அவை பெரிய கேடு செய்யாமல் போயிருக்கலாம். புண்பட்ட சவ்வில் எண்ணெய் படலமாகப் படிந்து மருந்தைத் தடுக்கும், பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். பால் கிருமிக்குத் தீனி. சூடு கூடிய எண்ணெய் சவ்வையே பொசுக்கும். வினாகிரியை நீர்த்து விடும் சிகிச்சை ஒன்று மருத்துவத்திலும் உண்டு. ஆனால் ஓட்டையுள்ள காதில் அது கடுமையாக எரியும். டொக்டர் பார்த்துச் சொல்லாமல் வீட்டில் தொடங்க வேண்டாம்.

ஒழுங்காக விட்டும் காயாவிட்டால்

மருந்து தொடங்கிச் சில நாளில் வடிதல் குறைந்து, பிறகு கடி தாங்காமல் வந்தால் பூஞ்சை பிடித்திருக்கலாம். கருமணி தூவினதுபோலவோ நனைந்த கடுதாசிபோலவோ உள்ளே தெரியும். கிருமிகொல்லியும் ஸ்டீரொயிட்டும் நாட்கூடினால் பூஞ்சைக்கு வாய்ப்பாகிவிடும். அப்போது அதே துளியை இன்னும் கூட்டி விடுவது நிலைமையைக் கெடுக்கும். துப்புரவாக்கி, குளோட்ரிமசோல் 1% போன்ற பூஞ்சை மருந்துக்கு மாற வேண்டும். காதுமடல்வரை சிவந்து தடித்துக் கடித்தால் மருந்து ஒவ்வாமை. நியோமைசினுக்கு இது அடிக்கடி நடக்கும். சதை பெரிதாக முளைத்திருந்தால் சில்வர் நைத்திரேற்றால் சுட்டுக் கரைக்க வேண்டிவரும், அது கிளினிக் வேலை.

இரண்டு வாரம் முறைப்படி செய்தும் மணத்தோடு வடிந்தால் கட்டாயம் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். சவ்வின் மேல்மூலையில் தோல் உள்வாங்கி, பந்துபோல் திரண்டு, எலும்பை அரிக்கும் ஒரு வருத்தம் இப்படித்தான் ஒளிந்திருக்கும். அதற்குச் சத்திரசிகிச்சை தவிர வழியில்லை, எத்தனை போத்தல் விட்டாலும் அது போகாது.

காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னுக்குத் தள்ளினால், முகம் ஒரு பக்கம் கோணினால், நிற்க ஏலாத தலைச்சுற்று வந்தால், காய்ச்சலோடு கடும் தலையிடியும் கழுத்து விறைப்பும் வந்தால், கிளினிக் நாள் பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நீரிழிவு உள்ள முதியவருக்கு இரவில் நித்திரை கொள்ளவிடாத காதுக்குத்து என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலும்புக்குள் கிருமி இறங்கியிருக்கக்கூடும்.

காது காய்ந்து சில மாதம் அப்படியே நின்றால், மூடாத ஓட்டைக்குச் சவ்வு ஒட்டும் சத்திரசிகிச்சை செய்யலாம். பெரும்பாலும் காதுக்கு அருகிலுள்ள தசையின் மேலுறையில் ஒரு துண்டை எடுத்து ஒட்டுவார்கள். அதற்கு முன் கேள்விப் பரிசோதனை செய்து எவ்வளவு கேட்கிறது என்று அளப்பார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசில்லை, காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காத்திருப்புக் காலத்தில் பிள்ளையின் ரீச்சரிடம் எந்தக் காது மந்தம் என்று சொல்லி, நல்ல காது அவர் நின்று படிப்பிக்கும் பக்கம் வரும்படி முன் வாங்கில் இருத்தச் சொல்லுங்கள்.